துருவக்கரடி ரோமமும் வெப்பக் காப்புப் பொருள்களும்

ஆர்க்டிக் பிரதேசத்தில் வாழும் துருவக்கரடியின் ரோமம் உட்புறம் துளையுடையது என்பதை ஆதாரமாகக் கொண்டு, அண்மைக் காலத்தில் ஆய்வுக்கூடங்களில் உருவாக்கப்பட்ட இலேசான இழைகளும், ஏரோஜெல் எனப்படும் நுண்துளைத் திண்பொருள்களும், பிராணிகளின் தேக அமைப்பைப் பின்பற்றி உஷ்ணத்தைக் காக்கும் பொருள்களுள் முக்கியமானவை.

அசைவற்று நிற்கும் காற்று வெப்பத்தைக் கடத்துவதில் மிக மந்தமானது. ஆயினும் சிறிது இடம் கிடைத்தாலும் அது சுழன்று, தன்னோடு உஷ்ணத்தையும் வெளியே கொண்டு போய்விடும் சுபாவமுடையது. ஆதலால் கம்பளி, இறகு, வைக்கோற்கூரை முதலிய காப்புப் பொருள்கள் யாவும் செய்யும் காரியம், காற்றைச் சிறு சிறு இடைவெளிகளில் அடைத்து வைப்பதேயாகும். துருவக்கரடியிடம் இந்த ஏற்பாடு, அடர்ந்த உள்ரோமங்களின் இடையிலும், நீண்ட வெளிரோமங்களின் துளைக்குள்ளும் என இருவகையாக அமைந்துள்ளது. தேகத்தின் உஷ்ணம் ரோமத்தின் மேற்பரப்பை எட்டுவது மிகச் சொற்பமாதலால், அகச்சிவப்புக் கதிர்க் காமிராவில் இப்பிராணியின் முகமும் மூச்சுக்காற்றும் தவிர ஏனைய பாகங்கள் பனியினின்று பிரித்தறிய முடியாதவாறு மங்கிவிடுகின்றன. எனினும் நனைந்த ரோமம் காற்றை இழந்துவிடுமாதலால், நீந்தும் வேளையில் சருமத்தின் அடியிலுள்ள தடித்த கொழுப்புப் படலமே இதற்குத் துணை.

இந்த ரோமத்தைப் பற்றித் தவறான ஒரு கொள்கையும் நெடுநாள் நிலவியது. புறஊதாக் கதிரில் எடுத்த படங்களில் துருவக்கரடி கருமையாகத் தோன்றியதைக் கண்ட சிலர், ஒளியிழை போல ஒவ்வொரு ரோமமும் சூரிய ஒளியைக் கருநிறச் சருமத்துக்குக் கொண்டு செல்கிறது என்று அனுமானித்தனர். அமெரிக்கப் பௌதிக விஞ்ஞானி டேனியல் கூன் 1998-ல் வெளியிட்ட அளவீடுகள், ரோமத்திலுள்ள கெரட்டின் என்னும் புரதமே அக்கதிர்களை உறிஞ்சிவிடுவதால், அவை ஓர் அங்குல நீளத்தைக்கூடக் கடக்க இயலாது என்று காட்டின. ரோமத்தின் பெருமை ஒளியை நடத்துவதில் இல்லை, காற்றை நிறுத்துவதிலேயே இருக்கிறது என்பது இதனால் தெளிவாயிற்று.

சீனாவின் ஜெஜியாங் பல்கலைக்கழகத்தில் ஹாவ் பாய் குழுவினர், பட்டுப் புரதக் கரைசலைக் குளிரூட்டிய உலோக வளையத்தின் ஊடே மெல்ல இழுத்து உறையச் செய்து, உண்டான பனிப்படிகங்களை வெற்றிடத்தில் ஆவியாக்கி, துளைகள் நீளவாட்டில் அமைந்த இழைகளைப் பெற்று, 2018-ல் அறிவித்தனர். அவற்றால் நெய்த துணியைப் போர்த்திய முயல், அகச்சிவப்புக் காமிராவுக்கு ஏறக்குறைய மறைந்துவிட்டது. மறு ஆண்டில், சீன அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஷூ-ஹோங் யூ குழுவினர், டெலூரிய நுண்கம்பிகளின் மேல் கார்பனைப் படியவைத்துப் பின் கம்பிகளை அகற்றி, கார்பன் குழாய்களாலாகிய ஏரோஜெல்லைச் செய்தனர். பத்து லட்சம் முறைக்கு மேல் அமுக்கியும் வடிவு குலையாத இப்பொருளின் வெப்பக் கடத்துதிறன், உலர்ந்த காற்றினுடையதைவிடவும் குறைவாயிருந்தது.

ஆயினும் ஏரோஜெல் இழைகள் முறியும் இயல்பினவாதலால், தறிக்கும் பின்னலுக்கும் எளிதில் இணங்குவதில்லை. துளை நிறைந்த உட்பகுதியை உறுதியான புறத்தோல் மூடியிருக்கும் ரோம அமைப்பை நோக்கிய பாய் குழுவினர், 2023-ல், ஏரோஜெல் இழைக்கு நெகிழும் பாலியூரித்தேன் உறையை அணிவித்தனர். அவ்விழை தன் நீளத்தைப்போல் பன்மடங்கு நீண்டும் அறுபடாததோடு, அதனால் பின்னிய ஸ்வெட்டர், இறகு அடைத்த மேற்சட்டையின் ஐந்திலொரு பங்கு தடிமனிலேயே அதற்கு நிகராக உஷ்ணத்தைக் காத்தது. துவைக்கவும் சாயமேற்றவும் இடங்கொடுத்தது. உறையவைத்து உலர்த்தும் முறை காலத்தையும் சக்தியையும் மிகுதியாகச் செலவிடுவதால், இத்தகைய இழைகள் மலிவான ஆடைகளாகப் பெருகுவதற்கு உற்பத்தி முறையின் சீர்திருத்தமே முதற்கண் வேண்டுவதாகும்.