உணவுக் குறைநிரப்பிகளும் உணவு ஒவ்வாமையும்

உணவுக் குறைநிரப்பிகள் என்பவை அன்றாட உணவில் போதிய அளவு கிடைக்காத சத்துகளை ஈடுசெய்வதற்காக மாத்திரை, தூள், நீர்மம் போன்ற வடிவங்களில் உட்கொள்ளப்படும் பொருட்கள் ஆகும். உயிர்ச்சத்துகள், துத்தநாகம், மீன் எண்ணெய், நன்மை செய்யும் நுண்ணுயிரிகள் ஆகியன இவற்றுள் அடங்கும். இவற்றுட் சில நோயெதிர்ப்புத் துலங்கலை மாற்றக்கூடியவை. எனினும் இவை உணவு ஒவ்வாமையைக் குணப்படுத்தும் என்பது நிறுவப்படவில்லை.

ஒவ்வாமை ஏற்படும் முறை

உணவிலுள்ள தீங்கற்ற புரதம் ஒன்றை உடல் பகைப்பொருளாகக் கருதி, அதற்கெதிராக இம்யூனோகுளோபுலின் ஈ என்னும் எதிர்ப்பொருளை உருவாக்குகிறது. அப்புரதம் மீண்டும் உடலினுள் செல்லும்போது மாஸ்ட் உயிரணுக்கள் ஹிஸ்டமினை வெளிவிடுகின்றன. இதனால் தடிப்பு, வாந்தி, மூச்சுத்திணறல் முதலியன தோன்றும். கடுமையான நிலையில் உயிரிழப்பும் நேரலாம்.

எதிர்ப்பொருள் குருதியில் காணப்படுவது மட்டுமே ஒவ்வாமை ஆகாது. கர்நாடகத்தில் வயதுவந்தோரிடையே நடத்தப்பட்டு 2016 இல் வெளியான ஆய்வில், 26.5% பேரிடம் ஏதேனும் ஓர் உணவுக்கெதிரான எதிர்ப்பொருள் காணப்பட்டது. ஆனால் 1.2% பேருக்கே உணவு ஒவ்வாமை இருக்கக்கூடும் எனக் கணிக்கப்பட்டது.

தமிழ்நாட்டு ஆய்வுகள்

குறைநிரப்பிகளின் பயன் பெரும்பாலும் சத்துக் குறைபாடு உள்ளோரிடமே தெளிவாகத் தெரிகிறது. தமிழ்நாட்டில் 15,419 சிறுவர்களிடம் நடத்தப்பட்டு 1990 இல் வெளியான ஆய்வில், வாரந்தோறும் சிறிதளவு உயிர்ச்சத்து ஏ பெற்றவர்களின் இறப்பு 54% குறைந்தது. உயிர்ச்சத்து ஏ குறைபாடு பரவலாக இருந்த பகுதியில் இவ்வாய்வு நடைபெற்றது. மாறாக, வேலூரில் 620 குழந்தைகளுக்குத் துத்தநாகமும் நுண்ணுயிரிகளும் கொடுத்து நடத்தப்பட்ட ஆய்வில் (2017), ரோட்டா வைரசுத் தடுப்பு மருந்துக்கான துலங்கல் உறுதியாகச் சொல்லத்தக்க அளவு உயரவில்லை.

ஒவ்வாமையில் பயன்

ஆத்திரேலியாவில் கருவுற்ற தாய்மார்களுக்கு மீன் எண்ணெய் கொடுத்து ஆராய்ந்தபோது (2012), குழந்தைகளிடம் முட்டைக்கெதிரான எதிர்ப்பொருள் குறைந்தது. ஒட்டுமொத்த ஒவ்வாமை நோய்கள் குறையவில்லை. நிலக்கடலையைச் சிறுகச் சிறுக உண்ணச்செய்யும் மருத்துவத்துடன் நுண்ணுயிரிகளைச் சேர்ப்பதால் பலன் கூடவில்லை என 2022 இல் அறியப்பட்டது. குறைநிரப்பி அன்றி உணவே பயனளித்ததற்கும் சான்று உண்டு. ஒவ்வாமை வாய்ப்பு மிகுந்த குழந்தைகளுக்கு முதல் ஆண்டிலேயே நிலக்கடலை உணவு கொடுத்தபோது, அவ்வொவ்வாமை ஏறத்தாழ 80% குறைந்ததைப் பிரித்தானிய ஆய்வொன்று (2015) காட்டியது.

எச்சரிக்கைகள்

குறைநிரப்பிகளே ஒவ்வாமையைத் தூண்டலாம். புரதத் தூள்களில் பாற்புரதமும் சோயாவும் இருப்பதுண்டு. தேனீக்களிடமிருந்து பெறப்படும் அரசக்கூழ் கடும் ஒவ்வாமையை ஏற்படுத்தியுள்ளது. பால், முட்டை, மீன், நிலக்கடலை, சோயா முதலிய ஒவ்வாமைப் பொருட்களைச் சிட்டையில் குறிப்பிட வேண்டும் என இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் விதிகள் கூறுகின்றன. மூச்சுத்திணறலுடன் கூடிய கடும் ஒவ்வாமைக்கு உடனடி மருந்து எப்பிநெப்ரின் ஊசியே ஆகும். எந்தக் குறைநிரப்பியும் அதற்கு மாற்றாகாது.