கபுறில்லாத சியாரம்

காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் திராவிடச் சிற்ப மரபில் செதுக்கிய கல்தூண்கள் தாங்கி நிற்கும் பழம் பள்ளிகளைக் கண்டு களித்தவர் எவரேனும், அதே எதிர்பார்ப்போடு மருதமுனையிலிருந்து அக்கரைப்பற்று வரை கிழக்கிலங்கைக் கரையோரம் நடந்து வருவாராயின், ஏமாற்றமே அடைவார். பழையதைப் பிரித்துப் பெரிதாகக் கட்டுவதே இப்பகுதியின் வழக்கம். இங்கு முஸ்லிம்கள் பல்கிப் பெருகியதற்கு ஒரு காரணம், போர்த்துக்கேயரால் விரட்டப்பட்டவர்களில் ஏறத்தாழ நாலாயிரம் பேரைக் கண்டி மன்னன் செனரத் 1626ஆம் ஆண்டளவில் மட்டக்களப்புப் பிரதேசத்தில் குடியேற்றியது. அடைக்கலம் புகுந்தோர்க்குக் கல்தச்சரை அழைக்கும் சம்பத்து ஏது?

ஆகவே கல்முனைக்குடியின் கடற்கரைப் பள்ளியிலே புராதனத்தைக் கல்லில் தேடலாகாது. நாகூரில் அடங்கியிருக்கும் சாகுல் ஹமீது ஆண்டகையின் ஞாபகார்த்தமாக எழுந்த சியாரம் இது. ஆனால் உள்ளே கபுறு கிடையாது. நாகூர் தர்காவின் ஐந்து மினாராக்களில் மிக உயர்ந்ததை, 131 அடி உயரத்தில், தஞ்சை மராட்டிய மன்னன் பிரதாப சிங் கட்டுவித்தான் என்பது பிரசித்தம். சதுர அடித்தளத்தின்மேல் நிலை நிலையாகக் குறுகிச் செல்லும் அந்த மினாராவின் சாயலையே கல்முனை மினாராவிலும் காண்கிறோம். 1828க்கும் 1830க்கும் இடையே சிங்கப்பூரில் தமிழ் முஸ்லிம்கள் எழுப்பிய நாகூர் தர்காவின் மூலைகளிலோ, அதே வடிவம் பதினான்கு நிலைகளாகச் சுருங்கி நிற்கிறது. வணிகரும் மாலுமிகளும் கடல் கடந்த இடமெல்லாம், கபுறைப் பெயர்க்க இயலாதாகையால், கோபுரத்தையே கொண்டுசென்றார்கள் போலும்!

சவரம் செய்துகொண்டிருந்த ஆண்டகை கைக்கண்ணாடியை வீசி, நடுக்கடலில் ஓட்டையாகித் தத்தளித்த ஒல்லாந்தர் கப்பலின் துவாரத்தை அடைத்தார் என்றொரு கதையுண்டு. ஒல்லாந்தரின் முதற் கப்பற்படை கீழைக்கடலுக்குப் புறப்பட்டதே 1595இல். ஆண்டகை அதற்கு முன்னரே மறைந்துவிட்டார். காலக்கணக்கு ஒவ்வாதெனினும், தோணி தள்ளும் மீனவர் கரையில் அவருக்குச் சியாரம் அமைந்த நியாயத்தை அக்கதை ஒன்றே விளக்கிவிடுகிறது.

இருநூறாண்டு கடந்த கொடியேற்று விழாவோ இன்றும் நடைபெறுகிறது. ஜமாதுல் ஆகிர் தலைப்பிறையையொட்டி, ஊர்ப் பெரிய பள்ளியிலிருந்து ஊர்வலமாக வரும் கொடி ஏற்றப்பட, மௌலூது ஓதுதலும் பக்கீர்கள் றபான் அடித்து நிகழ்த்தும் றிபாயி றாத்தீபுமாகப் பன்னிரு நாட்கள் கழிந்து, கந்தூரிச் சோற்றோடு நிறைவுறும். இதனை மார்க்கத்துக்கு மாறானதென்று கண்டிக்கும் சீர்திருத்தவாதிகள் அதே ஊரில் உளர். இரு சாராரும் சொந்தக்காரர்களாதலால் வாதம் வீடுகளுக்குள்ளேயே நடக்கிறது.

2004 டிசம்பர் 26இல் எழுந்த ஆழிப்பேரலை இக்கரையையும் விட்டுவைக்கவில்லை. இலங்கையில் அன்று மிகுதியான உயிர்களைப் பறிகொடுத்த மாவட்டம் அம்பாறையே. அதன் பின்னரும் கொடியேற்றம் நின்றுவிடவில்லை.

பள்ளி நிர்வாகத்துக்குத் தாய்வழிக் குடிகள் மரைக்காயர்களை அனுப்பிவந்த விசித்திரமான ஏற்பாட்டை அடுத்த வாரம் அக்கரைப்பற்றில் காண்போம்.