செய்தியோடை முகவரியைக் கண்டறிதல்

செய்தியோடை முகவரி என்பது, ஓர் இணையத்தளத்தில் புதிதாக வெளியாகும் ஆக்கங்களின் தலைப்பையும் இணைப்பையும் அவற்றை ஓரிடத்தில் சேர்த்துக் காட்டும் திரட்டிகளுக்கு வழங்கும் கோப்பின் முகவரி. இத்தகைய கோப்புக்கான ஆர்எஸ்எஸ் வடிவம் 1999இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் உருவானது. 2004இல் தொடங்கிய தமிழ்மணம் திரட்டி இத்தகைய ஓடைகளைக் கொண்டே தமிழ்ப் பதிவுகளை ஓரிடத்தில் சேர்த்தது.

தளத்தில் செம்மஞ்சள் நிற ஓடைச் சின்னம் இருந்தால் அதன் இணைப்பே முகவரி. இல்லாதபோது பக்கத்தின் மூலநிரலைத் திறந்து, தலைப்பகுதியில் ஆர்எஸ்எஸ் அல்லது அதைப் போன்ற இன்னொரு ஓடை வடிவமான ஆட்டம் (Atom) என வகை குறிக்கப்பட்ட இணைப்பு வரியைத் தேடுவதே நம்பகமான வழி. ஃபயர்பாக்ஸ் உலாவி 2018 இறுதியில் ஓடை வசதியைக் கைவிட்டதால் இந்தத் தேடல் இன்னும் அவசியமாகிவிட்டது. வேர்ட்பிரஸ் தளங்களில் பெரும்பாலும் முகப்பு முகவரியின் இறுதியில் சாய்கோடும் ‘ஃபீட்’ என்ற ஆங்கிலச் சொல்லும் சேர்த்தால் போதும்.

விக்கிப்பீடியாவில் ஒவ்வொரு கட்டுரைக்கும் தனி ஓடை உண்டு; பலர் அறியாத, மிகப் பயனுள்ள வசதி இது. தமிழ் விக்கிப்பீடியாவின் ‘மாத்தளை மாவட்டம்’ கட்டுரையில் வரலாற்றுப் பக்கத்துக்குச் சென்றால், கருவிப் பட்டியலில் ஆட்டம் இணைப்பு தென்படும். அதைத் திரட்டியில் இட்டால், அக்கட்டுரையில் யார், எப்போது, எதைத் திருத்தினாலும் தெரியவரும். அம்மாவட்டத்திலுள்ள சிகிரியா, தம்புள்ளை போன்ற இடங்களைப் பற்றிய கட்டுரைகளின் ஓடைகளைத் தனித்தனியே சேர்க்க வேண்டும்.