பாவ்லோவாவின் பயணக் குழுவும் சதிராட்ட மீட்புக் கதையும்

1929ஆம் ஆண்டு ஆஸ்திரேலியா நோக்கிச் சென்ற கப்பலொன்றில் ருசிய பாலே நடனக் கலைஞர் அன்னா பாவ்லோவா தம் குழுவினருடன் பயணம் செய்தார். பிரம்மஞான சபையைச் சார்ந்த ஜார்ஜ் அருண்டேலும் அவர்தம் துணைவியார் ருக்மிணி தேவியும் அதே கப்பலில் இருந்தனர். அங்கு அரும்பிய நட்பின் பயனாக, அக்குழுவின் தனிநடனக் கலைஞருள் ஒருவரான கிளியோ நோர்டியிடம் ருக்மிணி தேவி பாலே பயிலத் தொடங்கினார். தம் நாட்டுக் கலையைத் தேடிக் கற்குமாறு பாவ்லோவா அவருக்கு அறிவுறுத்தினார் என்பது பரதநாட்டிய வரலாறு எழுதுவோர் தவறாது கூறும் செய்தி. அழியும் நிலையிலிருந்த தமிழர் ஆடற்கலையை ஓர் ஐரோப்பியக் கலைஞரின் சொல் மீட்டுத் தந்தது என்னும் முடிவு இச்செய்தியிலிருந்து எளிதாகப் பெறப்படுகிறது. பாவ்லோவாவின் குழு இந்தியாவுக்கு எதைக் கொண்டுவந்தது, எதைக் கொண்டுவரவில்லை என்று பிரித்துப் பார்த்தால் அம்முடிவு நிலைபெறுவது ஐயத்திற்குரியதாகிறது.

பாவ்லோவா 1881இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் பிறந்தார். ஜார் மன்னரின் ஆதரவில் நடைபெற்ற நடனப் பள்ளியில் பயின்று, 1899இல் மரீன்ஸ்கி அரங்கில் சேர்ந்தார். அங்கு அவர் ஆடியது சிலப்பதிகாரம் சுட்டும் இருவகைக் கூத்துள் வேத்தியல் எனத்தக்கது. அரண்மனையின் பொருளாலும் சுவையாலும் வளர்ந்த கலை அது. 1912இல் இலண்டனில் ஐவி ஹவுஸ் என்னும் இல்லத்தை வாங்கிய பாவ்லோவா, 1913இல் மரீன்ஸ்கியிலிருந்து விலகித் தம் சொந்தக் குழுவையே வாழ்வாகக் கொண்டார். வேத்தியலைப் பொதுவியலாக்கிய செயல் என இதனைக் கூறலாம். அவரோடு பதினாறு ஆண்டுகள் இசை நடத்துநராக உடன் சென்ற தியோடோர் ஸ்டியர், தாம் ஏறத்தாழ 3,650 நிகழ்ச்சிகளை நடத்தியதாகவும் 3,00,000 மைல் பயணம் செய்ததாகவும் தம் நினைவுநூலில் கணக்கிடுகிறார். வடவமெரிக்கா, தென்னமெரிக்கா, சப்பான், சீனம், பர்மா, இந்தியா, எகிப்து, ஆஸ்திரேலியா எனப் பெருநாடக மேடைகளிலும் சிற்றூர்க் கொட்டகைகளிலும் அக்குழு ஆடியது. இசைக்கருவிகளைக் கட்டிச் சுமந்து ஊர்தோறும் செல்லும் கூத்தரையும் விறலியரையும் ஆற்றுப்படை நூல்களில் கற்றவர்க்கு இவ்வாழ்க்கை முற்றிலும் அயலானதன்று. பரிசில் நல்கும் புரவலன் இருந்த இடத்தில் நுழைவுச்சீட்டு வாங்கிய பொதுமக்கள் இருந்தனர் என்பதே வேறுபாடு.

அக்குழுவின் நிகழ்ச்சி நிரல் பழமையும் புதுமையும் கலந்தது. ‘ஜிசெல்’, ‘கொப்பேலியா’ போன்ற பத்தொன்பதாம் நூற்றாண்டுப் படைப்புகள் ஒருபுறம்; மிகைல் ஃபோக்கின் அமைத்த ‘இறக்கும் அன்னம்’, சோப்பினின் இசைக்குப் பாவ்லோவா தாமே அமைத்த ‘இலையுதிர்கால இலைகள்’ முதலியன மறுபுறம். நீண்ட நாடகத்தை அடுத்துச் சிறுசிறு தனிநடனங்கள் தொடர்ந்து வரும். பாலே என்பதை முன்பு கண்டிராத ஊர்களில் அச்சிறு நடனங்களே மக்களை ஈர்த்தன. அன்னத்தின் நடனம் சில நிமிடங்களே நீள்வது; ஆயினும் பாவ்லோவாவின் பெயர் இன்றும் அதனோடு பிரிக்கவியலாதபடி பிணைந்துள்ளது.

இந்தியாவுக்கு வருமுன்பே பாவ்லோவா மேடையில் ஒரு தேவதாசியாக ஆடியவர் என்பது இங்குச் சுட்டத்தக்கது. மாரியஸ் பெட்டிபா 1877இல் அமைத்த ‘லா பயாதேர்’ என்னும் பாலே, கோயில் நடனமகள் நிக்கியாவின் காதலும் சாவும் பற்றியது. 1902இல் பாவ்லோவா அப்பாத்திரத்தை ஏற்றார். அந்நிக்கியா எந்தக் கோயிலின் தேவதாசியையும் பார்த்து வரையப்பட்டவள் அல்லள். ஐரோப்பியர் கற்பனையின் படைப்பு.

உண்மைத் தேவதாசியரை ஐரோப்பா கண்டிருந்தது என்பதையும் மறத்தலாகாது. புதுச்சேரிக்கு அணித்தான திருவேந்திபுரத்திலிருந்து ஐந்து ஆடல் மகளிரும் மூன்று இசைஞரும் 1838இல் பாரிசுக்கு அழைத்துச் செல்லப்பட்டனர். பின்னர் இலண்டனிலும் அவர்கள் ஆடினர். அவருள் அம்மணி என்னும் இளம்பெண்ணைக் கண்டு வியந்து எழுதியவர் பிரெஞ்சுக் கவிஞர் தியோஃபில் கோத்தியே. மூன்றாண்டுகள் கழித்து, 1841இல் அரங்கேறிய ‘ஜிசெல்’ நடன நாடகத்தின் கதையை உருவாக்கியவருள் அவரும் ஒருவர். பாவ்லோவா உலகெங்கும் கொண்டுசென்ற ‘ஜிசெல்’ அதுவே. அம்மணியின் ஆட்டம் அக்கதையில் எவ்வகையிலேனும் படிந்தது என்று கூறச் சான்றில்லை. ஆயினும் பாவ்லோவாவின் கப்பல் கிழக்கே வருவதற்கு ஏறத்தாழ எண்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பே தமிழ்நாட்டு ஆடற்குழுவொன்று மேற்கே சென்று மேடையேறியிருந்தது. மீட்புக் கதை சொல்லும் நூல்கள் பல இப்பயணத்தைக் குறிப்பதேயில்லை.

1922இன் இறுதியில் பாவ்லோவா முதன்முறை இந்தியா வந்தார். இந்திய நடனங்களைக் காண விரும்பித் தேடியும் மனநிறைவு பெறவில்லை என்பர். துறைமுக நகரங்களின் ஆங்கில அரங்குகள் வழியாகவும் மேட்டுக்குடியினர் வழியாகவும் வந்த விருந்தினர் அவர். அம்மேட்டுக்குடியினருள் பலர் சதிரை இழிவெனக் கருதிய காலம் அது. எனவே அவர் காணாமற் போனது நடனம் இல்லாமையால் அன்று, காட்டுவார் இல்லாமையால் எனக் கருத இடமுண்டு. அப்பயணத்தின் விளைவாக ‘அஜந்தாச் சுவரோவியங்கள்’ என்னும் பாலேயும், ‘கீழைநாட்டுப் பதிவுகள்’ என்னும் தொகுப்பும் 1923இல் உருவாயின. பின்னதன் இந்தியப் பகுதிகளான ‘இந்துத் திருமணம்’, ‘கிருஷ்ணனும் இராதையும்’ ஆகியவற்றை அமைத்தவர் உதயசங்கர். இலண்டனில் ஓவியம் பயின்றுகொண்டிருந்த அவர் மரபுவழி ஆடற்பயிற்சி எதுவும் பெற்றவரல்லர். கோவென்ட் கார்டன் அரங்கில் பாவ்லோவா இராதையாகவும் அவர் கிருஷ்ணனாகவும் ஆடினர். அமெரிக்கப் பயணம் முடிந்தபின் உதயசங்கர் அக்குழுவிலிருந்து பிரிந்தார். தாம் பெற்ற அனுபவத்தைக் கொண்டு அவர் பின்னர் நிறுவியதும் ஒரு பயணக் குழுவே. பாவ்லோவாவின் அமெரிக்கப் பயணங்களை நடத்திய சால் ஹூராக் என்பவரே அவர் குழுவையும் அந்நாட்டில் அறிமுகப்படுத்தினார்.

இவ்வாண்டுகளில் தமிழ்நாட்டின் நிலை யாது? தஞ்சை நால்வர் வகுத்தளித்த அலாரிப்பு முதல் தில்லானா வரையிலான நிகழ்ச்சி முறை அவர்தம் வழித்தோன்றலான பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் உயிர்ப்புடன் இருந்தது. மயிலாப்பூர் கௌரி அம்மாள் அபிநயத்தில் தேர்ந்தவராக விளங்கினார். 1925இல், ஏழு வயதுச் சிறுமியான பாலசரசுவதி காஞ்சிபுரத்தில் அரங்கேறினார். அதே வேளையில், பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்க வேண்டுமென முத்துலட்சுமி ரெட்டி 1927இல் சென்னைச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தார். அதற்கான சட்டம் 1947இல் நிறைவேறியது. பெண்களின் நலன் கருதி எழுந்த அவ்வியக்கத்தின் அறத்தை மறுப்பதற்கில்லை. ஆனால் அக்கலையால் வாழ்ந்த குடும்பங்கள் மேடையை இழந்ததும் இதே காலத்தில்தான். நலிந்தது கலையின் அறிவன்று; அதனைத் தாங்கியோரின் வாழ்வு. இவ்வேறுபாடு ‘மீட்பு’ என்னும் ஒற்றைச் சொல்லில் மறைந்துவிடுகிறது.

ருக்மிணி தேவி சதிர் கற்றது மேற்குறித்த மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் கௌரி அம்மாளிடமும் ஆகும். 1935 டிசம்பரில் அடையாற்றில் அவர் முதன்முறை பொதுமேடையில் ஆடினார். மறு ஆண்டில் கலாக்ஷேத்ரா தோன்றியது. அடவும் அபிநயமும் சொற்கட்டும் நட்டுவனாரின் கொடை. அவற்றில் பாலேயின் பங்கு எனக் காட்டத்தக்கது அரிது. பாவ்லோவா குழுவின் சாயலை வேறிடத்தில் தேட வேண்டும். ஆடுபவரின் பின்னால் நின்று உடன் நகர்ந்த இசைஞர் மேடையின் ஒருபுறம் அமர்த்தப்பட்டனர். உடை, ஒளி, பின்னணி ஆகியன ஒரே நோக்கில் திட்டமிடப்பட்டன. 1944இல் ‘குற்றாலக் குறவஞ்சி’ முழுநீள நாட்டிய நாடகமாக உருப்பெற்றது. பலர் கூடிப் பயின்று, ஒரு குழுவாக ஊர்தோறும் கொண்டுசெல்லத்தக்க படைப்பு அது. கோயிலையும் செல்வர் இல்லத்தையும் விட்டு நீங்கிய கலைக்கு அரங்கு, குழு, பயணம் என்னும் புதிய வாழ்முறை தேவைப்பட்டது. அவ்வாழ்முறைக்கான கண்முன் சான்றாகப் பாவ்லோவாவின் குழு அமைந்தது. அப்பங்கு சிறிதன்று, ஆயினும் கலையை அளித்த பங்கு அதுவன்று.

1931 ஜனவரி 23 அன்று, மற்றொரு பயணத்தின் தொடக்கத்தில், நெதர்லாந்தின் ஹேக் நகரில் பாவ்லோவா மறைந்தார். அவ்வாண்டு மார்ச் 15ஆம் நாள், ஈ. கிருஷ்ணய்யரின் முயற்சியால் சென்னை மியூசிக் அகாதமி ஒரு சதிர் நிகழ்ச்சியை நடத்தியது. அன்று வந்திருந்தோர் சிலரே. 1933 ஜனவரி முதல் நாள் அதே கலைஞர்கள் மீண்டும் ஆடினர். அவையில் ருக்மிணி தேவியும் இருந்தார். அவர் சதிரைக் கற்க முனைந்தது இதன் பின்னரே. கப்பலில் கேட்ட சொல் நிகழ்ந்து அப்போது நான்காண்டுகள் கழிந்திருந்தன. அன்று ஆடிய இருவர் இராஜலட்சுமி, ஜீவரத்தினம் எனும் சகோதரியர். மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவியர். பாவ்லோவாவின் பெயர் தவறாது இடம்பெறும் வரலாறுகளில் இவர்கள் பெரும்பாலும் ‘கல்யாணியின் மகள்கள்’ என்று மட்டுமே குறிக்கப்பெறுகின்றனர்.