தூரிகை எழுத்தும் தமிழ் வரிவடிவமும்

எழுத்தின் வடிவம் தெய்வத்தால் வகுக்கப்பட்டது, அதில் கைவைத்தல் ஆகாது என்று எண்ணுவோர் நம்மிடையே இன்றும் இலரல்லர். கடைப்பலகையிலும் திருமண அழைப்பிலும் தூரிகையால் வீசியெழுதியது போன்ற எழுத்தைக் காணுந்தோறும் தமிழ் சிதைந்ததென அவர்கள் வருந்துவர். அவ்வருத்தத்திற்குச் சரித்திரம் இடந்தருகிறதா என்று நாம் பார்ப்போம்.

நம் எழுத்தின் வளைவுகளிற் பெரும்பங்கு பனையோலையும் எழுத்தாணியும் தந்தவை. நேர்க்கோடு நரம்போடு ஓடினால் ஓலை கிழியும். புள்ளி அழுந்தினால் துளை விழும். ஆகவே ஏட்டில் புள்ளியை விட்டெழுதினர். ககரமும் அதன் மெய்யும் ஒரே தோற்றம். ரகரமும் காலும் ஒரே தோற்றம். கொம்பிலும் குறில் நெடில் வேற்றுமை இல்லை. 'கெட்டான்' என்றிருப்பது கெட்டதையா கேட்டதையா குறிக்கிறது என்பதைப் படிப்பவனே இடம் நோக்கி ஊகிக்க வேண்டும். புலவர்க்கு இஃது எளிது. புதிதாய்ப் படிக்க வருவோர்க்கோ கதவடைப்பு.

1578-இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சேறியபின் எழுத்தாணிக்கு ஈய அச்சு போட்டியாயிற்று. பதினெட்டாம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் நெடிலுக்கு இரட்டைக் கொம்பு தந்தார். 1935-இல் பெரியார் தம் 'குடிஅரசு' இதழில் தும்பிக்கை போன்ற ஐகார வளைவு முதலியவற்றை நீக்கி அச்சிட்டுக் காட்டினார். அதனைத் தமிழ்நாட்டரசு ஏற்றது 1978-இல். இச்சிறு வளைவை விட 43 ஆண்டுகள்!

தூரிகைக்கு வருவோம். ஜுருவிலிருந்து பாலங்கடந்து ஜார்ஜ் டவுன் செல்லும் நம்மவர், சீனர் சங்க மண்டபங்களிற் பொன்னெழுத்துப் பலகைகளைக் கண்டிருப்பர். அவை தூரிகையின் ஓட்டத்தையே மரத்திற் செதுக்கியவை. விரைந்தெழுதும் முறைக்குப் 'புல்லெழுத்து' எனப் பெயரிட்டு அதனையும் உயர்கலையாக அவர்கள் வளர்த்தனர். அவர்க்குத் தூரிகை தாய்வீடு, நமக்கோ விருந்தாளி.

மேனாட்டார் இவ்வோட்டத்தை அச்சிற் பிடித்தனர். அமெரிக்காவில் 1942-இல் ராபர்ட் ஸ்மித் 'பிரஷ் ஸ்கிரிப்ட்' என்பதையும், பிரான்சில் 1953-இல் ரோஜே எக்ஸ்கோஃபோன் தம் கையெழுத்தைக்கொண்டே 'மிஸ்திரால்' என்பதையும் ஆக்கினர். ஓரெழுத்தின் முனை அடுத்ததன் தொடக்கத்தைத் தொடுமாறு அமைத்த திறமை வியக்கத்தக்கது. அவர்க்கு 26 எழுத்துக்கள், நமக்கு 247. ஆதலால் தமிழ்ப் பத்திரிகைகளில் ஓவியரே தலைப்பைத் தூரிகையால் எழுதி, பிளாக் செய்வித்து அச்சிட்டனர். சினிமா விளம்பரத்தையும் கட்சிச் சுவரெழுத்தையும் வளர்த்ததும் அக்கைகளே. இதழ்களுக்கும் நூலட்டைகளுக்கும் ஓவியர் ஆதிமூலம் எழுதிய தலைப்புக்கள் தமிழெழுத்துக்கு எத்துணை வலிமையுண்டு என்பதைக் காட்டின.

இன்று கணினியில் இவ்வகை எழுத்து எவர்க்கும் கிடைக்கிறது. பலகை எழுதுவோன் கையிற் பத்து லகரம் பத்து விதமாய் வரும். கணினியிற் பத்தும் ஒன்றே. அலட்சியமாய் வீசியது போன்ற தோற்றமும் அங்கே அச்சுத்தான். இது பெருங்குற்றமன்று, தலைப்புக்கும் அழைப்புக்கும் கலைவிழாப் பலகைக்கும் தாராளமாக வழங்கலாம்.

நமக்குள்ள அச்சம் வேறு. வீச்சின் மோகத்திற் புள்ளி கரைகிறது, இரட்டைக் கொம்பு ஒற்றையாகிறது, கால் ரகரமாகிறது. ஓலை நாளில் இருந்த அதே மயக்கம், நூற்றாண்டுகள் போராடி விலக்கிய அதே மயக்கம், அலங்காரத்தின் பெயரால் மீள்கிறது. தோட்டத்து மருந்துக் கொட்டகையின் எச்சரிக்கையைச் சிலர் இவ்வெழுத்தில் எழுதுவிக்கிறார்கள். அதைப் படிப்போரிற் பலர் இரண்டு மூன்று வகுப்போடு பள்ளியை விட்டவர்கள். ஊகித்துப் படிக்கும்படி அவர்களை விடுவதற்குக் களைக்கொல்லி விஷம் தக்க பொருளன்று. அப்பலகைக்குப் புள்ளி தெளிந்த நேரான அச்செழுத்தையே நிர்வாகத்தாரிடம் நாம் கேட்டுப் பெறவேண்டும்.