பொன்மலைத் தொழிலாளர் இயக்கமும் சமதர்ம உத்தியும்

திருச்சிராப்பள்ளியை அடுத்த பொன்மலையில் இயங்கும் ரயில்வே பணிமனை, தமிழகப் பொதுவுடைமை இயக்கத்தின் தொடக்ககால மையங்களுள் ஒன்று. சோசலிசக் கருத்துகள் படித்தவர்களின் விவாதமாக மட்டும் நின்றுவிடாமல் தொழிலாளர் குடியிருப்புகளுக்குள் நுழைந்த இடம் அது. அந்தக் கருத்துகளை எந்த அரசியல் அமைப்பின் வழியாக நிறைவேற்றுவது என்ற கேள்வியும் திருச்சியில்தான் கூர்மையாக எழுந்தது.

1920களின் இறுதியில் தென்னிந்திய ரயில்வே கம்பெனி, தன் நாகப்பட்டினம் பணிமனையைப் பொன்மலைக்கு மாற்றியது. இடமாற்றத்துடன் ஆட்குறைப்பும் வந்தது. இதை எதிர்த்து 1928 சூலையில் வேலைநிறுத்தம் வெடித்தது. ம. சிங்காரவேலரும் முகுந்தலால் சர்க்காரும் அதை வழிநடத்தினர். அப்போது சிங்காரவேலருக்கு வயது 68. போராட்டம் சில நாட்களிலேயே அடக்கப்பட்டது. தலைவர்கள் சதி வழக்கில் சிறை சென்றனர். கம்பெனிக்குப் பின்னால் அரசாங்கம் இருந்தது. தொழிலாளர்களுக்குப் பின்னால் அப்படி ஒரு வலுவான அரசியல் அமைப்பு இல்லை. 1928இன் தோல்வியை இந்தக் கோணத்தில் பார்த்தால்தான் அடுத்து நடந்தவை விளங்கும்.

விடுதலையான சிங்காரவேலர், சோவியத் ஒன்றியம் சென்று திரும்பிய பெரியாருடன் இணைந்து பணியாற்றினார். 1932இன் இறுதியில் ஈரோட்டில் சமதர்மத் திட்டம் முன்வைக்கப்பட்டது. சோசலிசத்துக்குச் 'சமதர்மம்' என்ற சொல் தமிழில் பரவலானதில் சுயமரியாதை இயக்கத்தின் பங்கு பெரிது. சாதி ஒழிப்பையும் சொத்துடைமை எதிர்ப்பையும் ஒன்றாகப் பேசிய இந்தக் கூட்டணி நீடிக்கவில்லை. 1934இல் இந்தியக் கம்யூனிஸ்டுக் கட்சி தடை செய்யப்பட்டது. அரசின் அடக்குமுறையிலிருந்து சுயமரியாதை இயக்கத்தைக் காக்க வேண்டும் என்று கருதிய பெரியார் சமதர்மப் பிரசாரத்தைத் தளர்த்தினார். ப. ஜீவானந்தம் போன்றோர் அதை ஏற்காமல் பிரிந்து சென்றனர்.

பிரிந்தவர்களின் சுயமரியாதை சமதர்மக் கட்சி, 1936 நவம்பரில் திருச்சியில் எஸ். ஏ. டாங்கே தலைமையில் மாநாடு கூட்டியது. காங்கிரசுக்குள் நுழைந்து, காங்கிரஸ் சோசலிஸ்டுகளாக வேலை செய்வது என்று முடிவானது. ஏகாதிபத்திய எதிர்ப்பில் பரந்த முன்னணி வேண்டும் என்பது அன்றைய உலகக் கம்யூனிஸ்டு இயக்கத்தின் நிலைப்பாடு. பெரும் மக்கள்திரள் காங்கிரசில் இருந்ததும் உண்மை. ஆனால் பார்ப்பனிய அமைப்பு என்று நேற்றுவரை தாம் விமர்சித்த கட்சிக்கே அவர்கள் இப்போது சென்றனர். சாதி எதிர்ப்பும் வர்க்கப் போராட்டமும் தமிழகத்தில் தனித்தனிப் பாதைகளில் சென்றதற்கு இந்த முடிவு ஒரு முக்கியக் காரணம் எனலாம்.

அதன் மறுபக்கம் பத்தாண்டுகளில் வெளிப்பட்டது. போருக்குப் பிந்தைய ஆட்குறைப்பையும் விலைவாசி உயர்வையும் எதிர்த்து 1946 ஆகஸ்டில் தென்னிந்திய ரயில்வே தொழிலாளர் சங்கம் வேலைநிறுத்தத்தில் இறங்கியது. கே. அனந்தன் நம்பியார், எம். கல்யாணசுந்தரம் ஆகியோர் அதன் முன்னணித் தலைவர்கள். செப்டம்பர் 5 அன்று பொன்மலைச் சங்கத் திடலில் மலபார் சிறப்புக் காவல் படை துப்பாக்கிச் சூடு நடத்தியது. தொழிலாளர் ஐவர் உயிரிழந்தனர். நம்பியார் கடுமையாகத் தாக்கப்பட்டார். அப்போது சென்னை மாகாணத்தை ஆண்டது டி. பிரகாசம் தலைமையிலான காங்கிரஸ் அமைச்சரவை.

இயக்கத்தைத் தாங்கியவர்கள் பணிமனையில் வேலை செய்தவர்கள் மட்டுமல்லர். தொழிலாளர்களுக்குச் சமைத்துப் போட்டுப் பிழைத்த தாயுடன் பொன்மலையில் வளர்ந்த சிறுமி தனலட்சுமி, தொழிலாளர்கள் அழைத்தபடியே 'பொன்மலை பாப்பா' ஆனார். பிற்காலத்துப் பாப்பா உமாநாத் இவரே. சிறை உண்ணாவிரதத்தில் தாய் இறந்தபோது, கட்சியை விட்டு விலகுவதாக எழுதித் தந்தால் உடலைப் பார்க்கலாம் என்றார்களாம், அவர் மறுத்துவிட்டார். 1989இல் திருவெறும்பூர்த் தொகுதியிலிருந்து சட்டமன்றம் சென்றார்.

சங்கத்தின் வலிமை பின்னாளில் தேர்தல் களத்தில் வெளிப்பட்டது. திருச்சி மக்களவைத் தொகுதியில் 1962, 1967 தேர்தல்களில் நம்பியார் வென்றார். 1964 பிளவில் அவர் மார்க்சிஸ்ட் கட்சிக்குச் சென்றார். இந்தியக் கம்யூனிஸ்டுக் கட்சியில் நீடித்த கல்யாணசுந்தரம் 1971, 1977இல் வென்றார். இடையில் நம்பியார் இந்தியப் பாதுகாப்பு விதிகளின் கீழ் சிறையில் வைக்கப்பட்டார். நாடாளுமன்றக் கூட்டத்தில் கலந்துகொள்ளத் தமக்கு உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றத்தில் வாதிட்டார். காவலில் உள்ள உறுப்பினருக்கு அத்தகைய உரிமை இல்லை என்று தீர்ப்பானது.