நந்தனின் குரலைத் தேடி



திருவெறும்பூரில் நிகழும் இந்த நினைவுப் பேருரைக்கு இவ்வாண்டு தொலைந்துபோன ஒரு படத்தை எடுத்துக்கொண்டோம். 1935இல் வெளிவந்த 'பக்த நந்தனார்'. சேரியில் பிறந்த ஒருவனை நாயகனாக வைத்த பேசும்படம். இன்று பார்ப்பதற்கு அதன் பிரதி இல்லை.

நந்தன் கதை திரைக்கு வருமுன்பே பல கை மாறியது. 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் திருநாளைப்போவாரைப் பாடினார். 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார், பெரியபுராணத்தில் இல்லாத வேதியரைப் பண்ணை ஆண்டையாகக் கொண்டுவந்தார். பண்ணையடிமையின் துயரம் அதனால் மேடையேறியது. முடிவு மட்டும் தில்லையின் நெருப்பாகவே இருந்தது. அயோத்திதாசரோ நந்தனைப் பௌத்த அரசனாக எழுதினார். திரைக்குப் போனது பாரதியாரின் நந்தன்தான்.

மாணிக்லால் டாண்டன் இயக்கிய அந்தப் படத்தில் கே.பி. சுந்தராம்பாள் ஆண் வேடமிட்டு நந்தனாராக நடித்தார். அவருக்குத் தரப்பட்ட ஒரு லட்சம் ரூபாய் ஊதியம் ஊரெல்லாம் பேச்சானது. வேதியராக நடித்தவர் சங்கீத வித்துவான் மகாராஜபுரம் விசுவநாதய்யர். அடிமையின் குரலும் ஆண்டையின் குரலும் தேர்ந்த பாடகர்களின் குரல்கள்.

அன்றைய படச்சுருள் நைட்ரேட்டால் ஆனது. எளிதில் தீப்பற்றும், தானாகவே மக்கும். ஓடி முடிந்த படத்தை உருக்கி வெள்ளியைப் பிரித்தெடுப்பதும் உண்டு. 1931இல் வந்த முதல் தமிழ்ப் பேசும்படமான 'காளிதாஸ்' படமும் இன்று இல்லை. தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் புனேயில் தொடங்கியதே 1964இல்தான். அதற்குள் பெரும்பகுதி அழிந்திருந்தது.

மிஞ்சியவை இரண்டு: இசைத்தட்டும் பாட்டுப் புத்தகமும். தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல் ஓடும். படப்பிடிப்பில் நடித்தபடியே பாடிய காலம் அது. தட்டுக்கு அதே பாட்டைத் தனியாகப் பாடிப் பதிவதே வழக்கம். ஆகவே சேகரிப்பாளர் தேடிப் பிடிக்கும் தட்டும்கூடப் படத்தின் ஒலியன்று. பாட்டுப் புத்தகங்களோ கதையைப் பாதி சொல்லி, மீதியை வெள்ளித்திரையில் காண்க என்று முடியும். அந்த மீதிதான் இப்போது இல்லை.

இந்தத் தேடலில் நம் கேள்வி வேறு. தட்டின் முகப்பில் பாடியவர் பெயர், ராகம், தாளம், எண் இருக்கும். பின்னால் வாசித்தவர் பெயரைக் காண்பது அரிது. அந்த நாள் படங்களில் பறை அடித்தவர், வயலில் நடவு நட்டவர், கூட்டமாக நின்றவர் யார்? அரிய தட்டுக்கு விலை உண்டு. அவர்களைத் தேடுவார் இல்லை. 1942இல் ஜெமினி எடுத்த 'நந்தனார்' பிழைத்தது. எனவே தண்டபாணி தேசிகரின் நந்தனாரே நந்தனின் முகமாக நிலைத்துவிட்டார். பாதுகாக்கப்பட்டதே வரலாறு ஆகிறது.

அழிவு அந்தக் காலத்தோடு நிற்கவில்லை. நம் வீட்டுப் பரண்களில் கேசட்டுகள் கிடக்கின்றன. ஏப்ரல் 14 கூட்டங்களில் பாடிய பாட்டுகள், சாவுக்கு அடித்த பறை, பாட்டிமார் பாடிய ஒப்பாரி. நாடா பூஞ்சை பிடிக்கிறது. போட்டுக் கேட்கும் கருவியும் அருகிவிட்டது.

மாணவர்களிடம் ஒரு வேலையை ஒப்படைக்கிறோம். பூஞ்சை கண்ட நாடாவை ஓட்டிப் பார்க்காதீர்கள். பழகியவர் கையில் கொடுங்கள். நல்ல நாடாவை உடனே கணினியில் ஏற்றி, இரண்டு இடங்களில் படி வையுங்கள். பாடியவர், அடித்தவர், ஊர், ஆண்டு ஆகியவற்றை அந்தக் குரலை அறிந்த பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள். பழைய பாட்டுப் புத்தகம் கிடைத்தால் எடைக்குப் போடாமல், சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடத்தில் சேருங்கள்.

'பக்த நந்தனார்' ஒருநாள் எங்காவது ஒரு பெட்டியில் கிடைக்கலாம். கிடைத்தால் மகிழ்வோம். ஆனால் அதிலும் நந்தனுக்காக வேறொருவர்தான் பாடியிருப்பார். நந்தன் மக்கள் தாமே பாடியது நம் பரணில் இருக்கிறது. அதைத் தொலைத்துவிட்டு நாளை யாரைக் குற்றம் சொல்வோம்?